திருடனுக்குச் சொன்ன கடை எண்

அனுப்புநர்:
காலமான பூட்டுக்காரரின் மனைவி,
பூட்டு, சாவிக் கடை,
பேருந்து நிலையப் பின்வாசல்.

பெறுநர்:
ஒலிபரப்புக் குறைதீர் அலுவலர் அவர்கள்,
இரண்டாம் மாடி.

பொருள்: ‘மாட்டிக்கிட்டீங்களா’ என்னும் வானொலி நகைச்சுவை ஆல்பத்தின் ஏழாவது அழைப்பிலிருந்து எங்கள் கடைத் தொலைபேசி எண்ணை நீக்கக் கோருதல்.

ஐயா,

வணக்கம். இது மூன்றாவது மனு. முதல் இரண்டும் உங்கள் கைக்கு வந்ததா என்று தெரியவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

1. போன வருஷம் வானொலிக்காரர் ஒருவர் என் கணவரைக் கூப்பிட்டு, “அண்ணே, நான் திருட வந்தவன். கதவு பூட்டிக்கிச்சு, உள்ளே மாட்டிக்கிட்டேன்” என்று கதை விட்டிருக்கிறார். இவர் அதை நம்பி, “திருடனா இருந்தா என்ன தம்பி, காத்து வருதா? முதல்ல ஜன்னலைத் திற. தண்ணி குடி. லைன் கட்டாச்சுன்னா இந்த நம்பருக்கு அடி” என்று எண்ணை நிறுத்தி நிறுத்தி இரண்டு தடவை சொன்னார். யாரிடமும் அப்படித்தான் சொல்வார். கடைசியில் விளையாட்டு என்று தெரிந்ததும் அவரும் சிரித்தார், ஒலிபரப்பச் சம்மதித்தார். அதை நான் மறுக்கவில்லை.

2. ஒலிபரப்பிய அன்று எண் வரும் இடத்தில் ‘கூ’ என்று சத்தம் போட்டு மறைத்தார்கள். எட்டு மாதத்துக்கு முன் என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அதற்கும் வானொலிக்கும் சம்பந்தமில்லை. அதன் பிறகு வந்த ஆல்பத்தில் அந்த ‘கூ’வைப் போட மறந்துவிட்டார்கள். என் புகார் அது ஒன்றுதான்.

3. இப்போது கடைப் போனை நான் எடுக்கிறேன், வேலைக்குக் கொழுந்தனார் போகிறார். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது அழைப்பு. “அக்கா, திருடன் பேசுறேன், ஜன்னலைத் திறக்கட்டுமா?” என்கிறார்கள். படித்த குரல்கள். சிலர் அந்தப் பதிவையே போனில் ஓடவிடுகிறார்கள். எடுத்தால் இவர் பேசுகிறார். அதை மட்டும் என்னால் பாதியில் வைக்க முடிவதில்லை ஐயா. முடியும்வரை லைன் அடைபட்டுக் கிடக்கிறது.

4. இரண்டாவது மனுவை நேரில் கொண்டுவந்தபோது உங்கள் குமாஸ்தா அதைப் படித்ததும், “அட, அந்தத் திருடன் காமெடியா!” என்று தம் போனில் போட்டுப் பக்கத்து மேசைக்காரரையும் கூப்பிட்டார். இருவரும் சிரித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு, “நம்பரை மாத்திடுங்கம்மா, அவ்வளவுதானே” என்றார்.

5. அவ்வளவு இல்லை. என் கணவர் கை வைத்த ஒவ்வொரு பூட்டின் உள்பக்கத் தகட்டிலும் சின்ன உளியால் கடை எண்ணைப் பொறித்துவிடுவார். உள்ளே மாட்டிக்கொண்டவன் கண்ணுக்கு அது தெரிய வேண்டும் என்பார். இருபத்திரண்டு வருஷத்துப் பூட்டுகள். எந்தெந்தக் கதவில் இருக்கின்றன என்று எனக்கு எப்படித் தெரியும்?

6. போன வியாழக்கிழமை ஒருவர், “சீக்கிரம் வாங்க, பிள்ளை குளியலறைக்குள்ள தாழ்ப்பாள் போட்டுக்கிச்சு” என்றார். அன்றைக்கு அது பத்தொன்பதாவது அழைப்பு. “பிள்ளையும் திருடத்தான் போச்சா?” என்று கேட்டு வைத்துவிட்டேன். மறுபடி அடித்தார். வாயில் வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவர் குளியலறை ஜன்னல் கண்ணாடியை உடைத்துப் பிள்ளையை எடுத்திருக்கிறார். மறுநாள் நெற்றியில் நாலு தையலோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. “போனை எடுத்தீங்களேம்மா, அப்புறம் ஏன் வரல?” என்று மட்டும் கேட்டார்.

ஆல்பத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அவர் பேச்சை எடுக்கவும் வேண்டாம், கேட்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். எண் வரும் அந்த இரண்டு இடத்தில் மட்டும் சத்தம் போட்டு மறைக்க உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். உடனே முடியாது என்றால், அதுவரை கடைப் போன் அடிக்கும்போது நான் நம்பவா, நம்பாமல் இருக்கவா என்று தாங்களே முடிவு செய்து, கையெழுத்துப் போட்டு எழுத்தில் அனுப்பவும். அதைப் போனுக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்துக்கொண்டு அதன்படி நடக்கிறேன்.

நாள்: மார்ச் 11, செவ்வாய்
இடம்: பூட்டுக் கடை

இப்படிக்கு,
(கையொப்பம்)
பூட்டுக்காரர் மனைவி