தொடாமல் வந்த தூரம்

அன்பு மகளுக்கு,

உன் அப்பா எழுதுகிறேன். இறைவன் காவலில் நீ நலமாக இருப்பாய் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். நாங்கள் மூவரும் உடம்பளவில் நலம், அதற்கு மேல் இன்று சொல்ல முடியவில்லை. தொலைபேசியில் சொல்லாமல் எழுதுவதற்குக் காரணம், நான் பேசத் தொடங்கினால் உன் அம்மா கைபேசியைப் பிடுங்கிக்கொள்கிறாள் என்பதும், பேச்சில் நான் வரிசை தவறிவிடுகிறேன் என்பதும்தான். நோக்கம் இரண்டு. போன ஞாயிறு நீ அழைத்தபோது உன் தங்கை ஏன் பாதிப் பேச்சில் துண்டித்தாள் என்பதை உனக்கு விளக்க வேண்டும். நீ பகிர்ந்திருக்கும் அந்தக் காணொளியை நீக்கிவிடு என்று கேட்க வேண்டும். காகிதத்தில் எழுதிப் படம்பிடித்து அனுப்புகிறேன், இன்று மாலைக்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் மறுபடி ஏறியிருக்கிறது, மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. குழாய்க்காரர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லியே நாட்களை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நீ குளிரில் முழங்காலைப் பார்த்துக்கொள், பட்டை போடாமல் படியேறாதே, இரவுப் பணி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. உன் தங்கை சாப்பிடுகிறாள், பள்ளிக்கும் போகிறாள். ஆனால் ஓடும் காலணியைப் பழைய செய்தித்தாளில் சுற்றி அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டாள். காலையில் அவளை எழுப்ப அம்மா அறைக் கதவைத் திறந்தால் எழுந்துதான் உட்கார்ந்திருக்கிறாள், சீருடை போட்டு, பின்னலும் போட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு.

நீ ஈட்டி எறிந்தவள், நெடுவோட்டத்தின் வழக்கங்கள் உனக்கு முழுதும் தெரிந்திருக்க நியாயமில்லை; ஆகையால் அடியிலிருந்து சொல்கிறேன். பள்ளிக் கோயில் வாசலுக்கு மேலே கல்லில் செதுக்கியிருக்கும் பள்ளிச் சின்னத்தை நீ மறந்திருக்க மாட்டாய்: ஒரு நுகத்தடி, அதன் கீழே நாடாவில் ‘இறுதிவரை’ என்ற வாசகம். நீங்கள் எல்லாரும் அதைக் கோட்டு மாட்டும் ஹேங்கர் என்று கேலி செய்ததும், ஹேங்கர் ஸ்கூல் பிள்ளைகள் என்று பேர் வாங்கியதும், அதற்காக நான் ஒரு வகுப்பு முழுவதையும் நிற்கவைத்ததும் நினைவிருக்கும். மைதானத்தைச் சமப்படுத்த மாடு கிடைக்காத நாளில் முதல் தலைமைச் சகோதரியும் முதன்முதலில் சேர்ந்த மாணவிகளும் நுகத்தைத் தங்கள் தோளில் வைத்துக் கல்லுருளையை இழுத்தார்கள் என்பது நம் பள்ளியின் பெருமை. அந்தப் பெருமையை ஆண்டுதோறும் காட்டும் நிகழ்ச்சிதான் நெடுவோட்டம். அதில் முதலாவதாக வருவது பாதிக் கௌரவம். மீதிப் பாதி, ஓடி முடித்த இல்லத் தலைவி திரும்பப் போய், தன் இல்லத்தின் கடைசி ஓட்டக்காரி எங்கே இருக்கிறாளோ அங்கேயிருந்து அவளோடு கூடவே ஓடிவருவது. இருவரும் மைதானத்துக்குள் நுழையும்போது கூட்டம் எழுந்து பள்ளிப் பாட்டைப் பாடும். முடிக்கிற ஒவ்வொருத்திக்கும் இல்லத்துக்கு ஒரு புள்ளி. சில தலைவிகள் சின்னப் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துவந்து புள்ளி சேர்க்கிறார்கள் என்று புகார் வந்தபோது, நான் ஒரு விதி எழுதினேன்: கூட ஓடலாம், குரல் கொடுக்கலாம், தொடக்கூடாது, தொட்டால் அந்த ஓட்டம் கணக்கில் வராது. நல்ல விதி என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நம் வாசற்காவலரின் மகளை உனக்குத் தெரியாது, நீ போன பிறகு சேர்ந்தவள். ஒன்பதாம் வகுப்பு. காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல இருப்பாள் என்று பிள்ளைகள் பஞ்சு என்று கூப்பிட்டார்கள். அவள் அதற்குக் கோபப்பட்டதே இல்லை, “பஞ்சு லேசா இருந்தாத்தானே மேல போகும்” என்பாளாம். நீல இல்லம், அதாவது உன் தங்கை தலைவியாக இருக்கும் இல்லம். இந்த ஆண்டு ஓட்டத்தன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. பாதிரியார் செபத்தை நீட்டியதால் தொடக்கமும் தள்ளிப்போயிற்று. உன் தங்கை முதலாவதாக வந்தாள், தண்ணீர்கூட முழுதாகக் குடிக்காமல் திரும்பி ஓடினாள், கல்லறைத் தோட்டத்து வளைவில் பஞ்சுவைக் கண்டுபிடித்தாள். அந்தப் பிள்ளை அங்கே மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. அதற்குப் பிறகு நடந்ததை நீ காணொளியில் பார்த்திருக்கிறாய்: இருவரும் மைதானத்துக்குள் வருகிறார்கள், சின்னவள் தள்ளாடுகிறாள், பெரியவள் ஒரு சாண் தள்ளிக் கையை விரித்துக்கொண்டே, தொடாமல், பக்கத்தில் ஓடிவருகிறாள், கூட்டம் பாடுகிறது, சின்னவள் கோட்டைத் தாண்டுகிறாள், விழுகிறாள், காணொளி அங்கே முடிகிறது. நீ அதற்குக் கீழே ‘என் தங்கை, என் பள்ளி’ என்று எழுதியிருந்தாய். உன்மேல் தவறில்லை, பள்ளியே அப்படித்தான் வெளியிட்டது. காணொளியின் இடது ஓரத்தில் இரண்டு கொடிகளோடு நிற்கிற ஆளைக் கவனித்தாயா? அது நான்தான்.

அவள் விழுந்த பிறகு எழவில்லை. மருத்துவமனையில் மறுநாள் விடியலில் போய்விட்டாள். மருத்துவர் இளைஞர், முன்னெச்சரிக்கையாகப் பேசத் தெரியாதவர். தாழ்வாரத்தில் என்னிடம், “சார், இது ஹார்ட்டு இல்ல, ஒண்ணும் இல்ல, சூடு. உடம்பு கொதிச்சுப் போச்சு. தள்ளாட ஆரம்பிச்சப்பவே நிழல்ல உக்கார வெச்சுத் தண்ணி ஊத்தியிருந்தா பொழச்சிருப்பா, ஏன் சார் யாருமே நிறுத்தல?” என்று கேட்டார். நான் திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் உன் தங்கை நிற்கிறாள். அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே நின்றுகொண்டு என்னிடம் சொன்னாள்: “செவுத்துகிட்ட அவ நின்னப்ப, உக்காருடீன்னுதான் சொன்னேன்ப்பா. முடிச்சிடறேன்க்கான்னா. உள்ள வரும்போது ஒரு பக்கமா சாஞ்சா, புடிக்கப் போனேன். தொடாதீங்கக்கா, கணக்குல வராம போயிடும்னா. நான் கையை எடுத்துட்டேன்.” அதற்குப் பிறகு நேற்றுவரை இந்த விஷயமாக அவள் எங்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஞாயிறன்று நீ அன்போடு, ‘உன்னை நினைச்சா பெருமையா இருக்குடி’ என்று சொன்னாயல்லவா, அந்த இடத்தில்தான் துண்டித்தாள்.

இதற்கு மேல் நடப்பவை எல்லாம் நல்ல எண்ணத்தோடு நடப்பவை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. இப்போதைய தலைமைச் சகோதரியான மதர் கெட்டவர் இல்லை. அடக்கத்தன்று கல்லறையில் கடைசிவரை நின்றவர் அவர் ஒருவர்தான். அவர் முடிவு செய்திருப்பது இது: மைதான நுழைவாயிலில் ஒரு வளைவு கட்டி அதில் பஞ்சுவின் பெயரை, சின்னத்தோடும் வாசகத்தோடும் பொறிப்பது, இனி நெடுவோட்டத்துக்கு அவள் பெயர், உன் தங்கைக்குப் பள்ளியின் உயர்ந்த பதக்கம். இன்று மாலை கோயிலில் நினைவுக் கூட்டம், அங்கே அறிவிப்பு. வாசற்காவலரிடம் முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். நேற்று வாசலில் என்னை நிறுத்தி, “இத்தன வருஷமா எல்லாரு பிள்ளைக்கும் கேட்டத் தொறந்து விட்டேன் சார், இப்ப எம்பிள்ள பேர்லயே ஒரு கேட்டு வருதாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவ முடிச்சிட்டாதானே சார்? யாரும் தூக்கிட்டு வரலதானே? நீங்க சொன்னா சரியா இருக்கும்” என்றார். ஆமாம், முடித்தாள் என்றேன். விதிப்படி அது உண்மை. அவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மகளே, நான் அன்று எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை உன்னிடம் எழுதியாக வேண்டும். தலைமை நடுவரின் கையில், அதாவது என் கையில், வெள்ளைக் கொடியும் சிவப்புக் கொடியும் இருக்கும். ஓடத் தகுதியற்ற நிலையில் இருப்பவரைச் சிவப்புக் கொடி காட்டி நிறுத்தும் அதிகாரம் அவருக்கு மட்டுமே உண்டு. அதுவும் நான் எழுதிய விதிதான். அந்தப் பிள்ளை வளைந்து வளைந்து வந்ததை நான் பார்த்தேன். ஆனால் என் கண் அவள் முகத்தில் இல்லை. இருவரின் கைகளுக்கும் நடுவே இருந்த இடைவெளியில் இருந்தது. என் மகள் தொட்டுவிடுவாளோ, தலைமை நடுவரின் பெண்ணே விதியை மீறினாள் என்று நாளை பேச்சு வருமோ என்று அந்த ஒரு சாணை மட்டும் அளந்துகொண்டு நின்றேன். அவர்கள் தொடாமல் கோட்டைத் தாண்டியபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. சுற்றிலும் பாடிக்கொண்டிருந்தார்கள், நானும் பாடினேன்.

இதைக் கூட்டத்தில் சொல்லப்போகிறேன் என்று நேற்று வீட்டில் சொன்னேன். உன் அம்மா கொதித்துவிட்டாள். “செத்த பிள்ள திரும்பி வருமா? அந்த ஆளு பாவம், ஒரு கல்லுல பேரு வெட்டுறாங்கன்னு உசுர வெச்சிட்டிருக்காரு, அதையும் பறிக்கணுமா? மெடல் குடுக்கறாங்க, நம்ம பொண்ணு மேல ஒரு பழி இல்லாம போகுது, அத வாங்கிட்டு வாய மூடிட்டு இருக்கறத விட்டுட்டு!” என்றாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. விளையாட்டு ஆசிரியர், நீங்கள் விசில் என்று பேர் வைத்தீர்களே அவர்தான், தனியாகக் கூப்பிட்டு, “சார், ரூல் புக்க மூடி வைங்க சார், ஊரே அழுதுட்டிருக்கு. உங்களுக்கு மட்டும் கண்ணீருக்கும் ஷரத்தா?” என்றார். ஆனால் நேற்று மாலை மைதானத்தைக் கடந்து வந்தபோது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தள்ளாடி ஓடுகிறாள், இன்னொருத்தி தொடாமல் கூட வருகிறாள், மற்றவர்கள் பாடுகிறார்கள், முதலாமவள் கோட்டைத் தாண்டி விழுகிறாள், எல்லாரும் கைதட்டுகிறார்கள். பிறகு, “இப்ப நாந்தான் பஞ்சு, நீ போன தடவ விழுந்துட்டல்ல” என்று முறை கேட்டுச் சண்டை போட்டார்கள். வளைவு கட்டி அதில் அவள் பெயரைப் பொறித்தால் அதன் வழியாகத்தான் இந்தப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வெயிலுக்குள் ஓடுவார்கள். உட்கார நினைக்கிறவள் அண்ணாந்து அந்தப் பெயரைப் பார்ப்பாள், உட்கார மாட்டாள்.

உன் தங்கையிடமும் சொன்னேன், நிறுத்த வேண்டியவன் நான், நீ இல்லை என்று. அவள், “நீங்க பொறுப்பு ஏத்துக்கிட்டா நான் கையை எடுத்தது இல்லன்னு ஆயிடுமாப்பா?” என்று கேட்டாள். இல்லை, ஆகாது என்றேன். பொய் சொல்லித் தேற்ற எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் அவள் நம்பியிருக்க மாட்டாள். ஆனால் இன்று காலை அவளாகவே வந்து, பதக்கம் வேண்டாம் என்று மதரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், என்னால் அந்த மேடையில் ஏற முடியாது என்றாள். சொல்லிவிட்டேன். மதர், “உங்க மனசாட்சிக்கு நான் குறுக்க வரமாட்டேன், ஆனா இந்தப் பள்ளிக்கூடம் உங்கள மன்னிக்காது, அத யோசிச்சீங்களா?” என்று மட்டும் கேட்டார். யோசித்தேன். பதவி போகலாம், பள்ளிக் குடியிருப்பான இந்த வீடும் போகலாம். அப்படி நேர்ந்தால் உனக்கு முறையாகத் தெரிவிக்கிறேன், நீ அதற்காக விடுப்புப் போட்டு ஓடிவர வேண்டாம்.

நீ நீடூழி வாழ வேண்டும், உன் கைக்கும் காலுக்கும் மனத்துக்கும் இறைவன் துணையிருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். மறந்துவிடாதே: முதலில் காணொளியை நீக்கு, பிறகு உன் தங்கையை அழைத்துப் பேசு. பெருமையும் வேண்டாம், ஆறுதலும் வேண்டாம். உன் அறையில் ஹீட்டர் ஓடுகிறதா, என்ன சமைத்தாய் என்று மட்டும் பேசு. அவள் பேசாவிட்டாலும் இணைப்பைத் துண்டிக்காதே.

கூட்டத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது. காவலர் கோயிலில் எல்லாருக்கும் முன்னால், என்னிடமிருந்து இதை முதன்முதலாகக் கேட்கக் கூடாது. அவர் மகள் முடித்தாள் என்று நேற்று நான் சொன்ன பதில் போதாது, அவளை முடிக்க விட்டிருக்கக் கூடாது என்று அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இப்போது எழுந்து வாசலுக்குப் போகிறேன்.

உன்னை என்றும் நினைத்திருக்கும்
அப்பா