சொல்லவிடாத பெயர்

என் தங்க நைனா,

கோபமாகத்தான் எழுதுகிறேன். எல்லாம் ஊர் மேல்தான். உன் மேலும் கொஞ்சம் உண்டு, அதை அப்புறம் சொல்கிறேன்.

நாளை மறுநாள் உன் முதல் வருஷத் தெவசம். நீ மைக் பிடித்துப் பேசிய அதே கல்யாண மண்டபத்தில் கடைவீதிக்காரர்கள் நினைவேந்தல் வைத்திருக்கிறார்கள். கூட்டு ரோட்டில் பேனர் கட்டியாகிவிட்டது. பின்னால் ராஜகிரிக் கோட்டை, முன்னால் நீ, கீழே 'சயாம் காட்டை வென்ற செஞ்சிச் சிங்கம்'. நீ எதை வென்றாய் நைனா? சண்டைக் காலத்தில் மலாயாத் தோட்டத்திலிருந்து உங்கள் குடும்பத்தையே ஜப்பான்காரன் சயாமுக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனபோது உனக்கு மீசைகூட முளைக்கவில்லை. ரயில் பாதைக்கு மண் சுமந்தாய், செத்தவர்களைச் சுமந்தாய், கடைசியில் தனியாக ஊர் வந்து சேர்ந்தாய். இதில் சிங்கம் எங்கே வந்தது?

ஆயுசு முழுக்க எங்களிடம் வாய் திறக்காத நீ, தொண்ணூறு தாண்டி ஊர் முன்னால் பேசுகிறேன் என்றாய். எதற்கு இப்போது என்று கேட்டேன்.

"அங்க செத்தவங்களுக்கு யாரு கருமாதி பண்ணாங்க? பேரச் சொல்லி அழக்கூட ஆள் இல்ல. ஊரு கூடி ஒரு தபா கேக்கட்டும், போதும்."

அன்றைக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே பேசினாய். கால் புண் அழுகிச் செத்த உன் அப்பாவின் பெயரைச் சொன்னாய். காய்ச்சலில் போன உன் அம்மாவின் பெயரையும் அப்படியே.

"தம்பிக்கு காலரா. ஜப்பான்காரன் குடிசையோட கொளுத்தச் சொல்லிட்டான். என்னையே அவனத் தூக்கச் சொன்னான், தூக்கினு போய் உள்ள படுக்க வச்சேன். மூச்சு இருந்துது. அண்ணான்னு கூப்ட்டான். அவன் பேரு..."

வாசலில் பட்டாசு வெடித்தது. சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். யார் பேசினாலும், எதைப் பேசினாலும், அவர் வந்தால் நிறுத்த வேண்டும். நம் ஊர் மேடை வழக்கம் அது. "ஐயா, ஒரு நிமிஷம்" என்று உன் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினார்கள். அவருக்குப் பொன்னாடை, அவர் கையால் உனக்குப் பொன்னாடை, போட்டோ. பிறகு அவர் தன் கட்சியைப் பற்றிப் பேசினார். அப்புறம் பந்தி. மைக் உன்னிடம் திரும்பி வரவே இல்லை.

வீட்டுக்கு வந்து கேட்டேன், சித்தப்பா பெயர் என்ன என்று.

"வூட்டுக்குள்ள சொல்ற பேரா அது? ஊரு கேக்கணும்னுதான போனேன். வுடு."

உன் மேல் கோபம் இதற்குத்தான். நான் ஊரில் சேர்த்தி இல்லையா? ஒரு மாதத்தில் உனக்கு வாய் இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு தண்ணீர் கேட்கக்கூடக் கையைத்தான் காட்டினாய். உன் கருமாதியில் ஐயர் முன்னோர் பெயர்களைக் கேட்டபோது, சித்தப்பா முறை வந்ததும் நானும் என் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நீ மண்டபத்தில் பேசிய அன்று எடுத்த வீடியோவையும் போட்டுப் பார்த்தேன். பட்டாசுச் சத்தம் கேட்டதும் கேமரா வாசலுக்குத் திரும்பிவிடுகிறது.

நேற்று விழாக் கமிட்டிக்காரர் நம் பாத்திரக்கடைக்கு வந்தார்.

"அக்கா, நீங்க ரெண்டு வார்த்தை பேசணும். தலைவர் வர்றதுக்குள்ள முடிச்சிடுங்க, டென்ஷன் ஆயிடும்."

"யாருக்கு?" என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

போகத்தான் போகிறேன் நைனா. நீ விட்ட இடத்திலிருந்தே ஆரம்பிப்பேன். "அவன் பேரு" என்று சொல்லிவிட்டு நிற்பேன். பட்டாசு வெடிக்கட்டும், பொன்னாடை வரட்டும், மைக்கைத் தரமாட்டேன். கூட்டத்தில் யாராவது ஒருவர் "இன்னா பேரு?" என்று கேட்கும்வரை அங்கேயே நிற்பேன். கேட்டால் எனக்கும் தெரியாது என்று சொல்வேன். ஏன் தெரியாது என்பதையும் சொல்வேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

பெயர் தெரியாத என் சித்தப்பாவின் அண்ணன் மகள்,
உன் மூத்தவள்.