கிரகணத்தன்று வசுதா சாப்பிடவில்லை

என் ஆசை ரகு அண்ணாவுக்கு,

நீ கண்மூடிய பிறகும் உனக்கு எழுதும் பழக்கம் எனக்கு விடவில்லை. நல்ல சேதி சொல்லத்தான் நினைத்தேன். உன் பெண் வசுதா ஏழு மாதக் கர்ப்பிணி. ஆனால் இன்று வயிறு எரிந்துதான் எழுதுகிறேன்.

இங்கே ஸ்ரீரங்கத்தில் ஒரு மண்டபத்தில் வாராவாரம் ஒருவர் வேதத்தில் இருக்கும் விஞ்ஞானம் பற்றிப் பேசுகிறார். கூட்டம் அம்முகிறது. வசுதாவும் போனாள். "கிரகணக் கதிர் வயித்துல இருக்கற சாப்பாட்டை விஷமாக்கிடும். கர்ப்பிணிகள் காலையிலேர்ந்தே எதுவும் சாப்பிடப்படாது. சயின்ஸே நிரூபிச்சாச்சு" என்றாராம். இவளுக்கோ சர்க்கரை, இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். கிரகணத்தன்று ஊசியைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தவள், மத்தியானம் கூடத்தில் மயங்கி விழுந்தாள்.

மன்னியும் நானும் அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு காவேரிப் பாலத்து நெரிசலில் தவித்த தவிப்பு உனக்குத் தெரிந்ததா? ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏறிய பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"ஊசி போட்டுட்டு ஏம்மா சாப்பிடல?" என்றார் டாக்டர்.

"அவர் சயின்ஸ்னு சொன்னாரே, டாக்டர்."

நம் வீட்டுச் சடங்குகளைச் செய்துவைக்கும் வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். "கர்ப்பிணிக்கும் நோயாளிக்கும் சாஸ்திரமே விலக்கு கொடுத்திருக்கே! என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கப்படாதோ?" என்று பதறிப்போனார். சாஸ்திரமும் சொல்லாததை, விஞ்ஞானமும் சொல்லாததை இந்த மனிதர் எங்கிருந்து பிடித்தார்?

நீ பெருமாளைச் சேவித்துவிட்டு கைலாசபுரம் பாய்லர் தொழிற்சாலைக்கு பஸ் ஏறி, பாய்லரில் விரிசல் இருக்கிறதா என்று சோதித்தவன். "நம்பிக்கைன்னா கைகூப்புவேன். சயின்ஸ்னா சோதிச்சுக் காட்டச் சொல்லுவேன்" என்பாய். இரண்டும் உனக்குள் சண்டை போட்டதே இல்லை. பெருமாளுக்கு எதற்கண்ணா இவர்களுடைய பொய்ச் சான்றிதழ்?

அடுத்த கூட்டத்துக்கு வசுதாவோடு நானும் போனேன். கேள்வி நேரத்தில் மைக்கை வாங்கி, "எந்த ஆராய்ச்சி சார் அப்படிச் சொல்றது?" என்றேன்.

சிரித்தார். "இதெல்லாம் நம்பிக்கை விஷயம்மா."

"அப்போ அன்னிக்கே அப்படிச் சொல்லியிருக்கணும். சயின்ஸ்னு சொன்னதாலதான் எங்காத்துப் பொண்ணு மயங்கி விழுந்தா."

மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்கள். "கோயில் ஊர்ல நாஸ்திகம் பேசறா பாரு" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். என்னையா? கோயிலுக்குப் போய்வராமல் காபிகூடக் குடிக்காத என்னையா?

பக்கத்தில் வசுதா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். "விழுந்தது நான்தான். எனக்குப் பதில் சொல்லுங்கோ" என்றாள். மைக் இல்லை. ஆனாலும் மண்டபம் முழுக்கக் கேட்டது.

அவசர அவசரமாக மங்களம் பாடி முடித்துவிட்டார்கள்.

விடமாட்டேன் அண்ணா. அவர் வாயால் "தப்பாச் சொல்லிட்டேன்" என்று அந்தக் கூட்டத்திடம் சொல்லும்வரை வாராவாரம் முன்வரிசையில் போய் உட்காருவேன். வசுதா இப்போது வேளைக்குச் சாப்பிடுகிறாள். அதற்கும் நான் பொறுப்பு.

உன் பெண்ணைத் தன் பெண்ணாகப் பார்த்துக்கொள்ளும்
உன் தங்கை பத்மா