மழை பெய்யாத நாளில் கழித்த தண்ணி

மாதா துணை

தலவாக்கலை,
திங்கட்கிழமை.

அன்பு மகன் ஜூட்சனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, இங்க நானும் ஒன் தங்கச்சி யூஜினாவும் மாதா புண்ணியத்துல சொகமா இருக்கோம், எனக்கு அந்த வலது முட்டி வலி ஒண்ணுதான், அதுவும் மேல் மலைக்கு ஏறுற நாள்ல மட்டும். நீ தோஹா வெய்யில்ல, அதுக்கு மேல அந்த ஓட்டல் குசினிச் சூட்டுல, ஒடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கணும்னு தெனம் ஒரு அருள் நெறஞ்ச மரியே ஒனக்குன்னு தனியா சொல்லிட்டுத்தான் படுக்குறேன். போன்ல சொல்லலாமே, எதுக்கு கடுதாசின்னு நீ கேப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்ல வாயத் தொறந்தா நீ பத்து சொல்லுவ, அதுக்குள்ள லைன் விட்டுரும். கடுதாசியில நீ குறுக்க பேச முடியாதுல்ல. மூணாம் வகுப்பு படிச்ச கையி, எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. முடிச்சதும் பக்கத்துக் காம்பரா ஷாமிலாகிட்ட குடுத்து படம் புடிச்சு ஒனக்கு அனுப்பச் சொல்லுவேன், யூஜினாவுக்கு இது தெரியாது, நீயும் சொல்லிராத.

மழை விட்டு இப்ப ஒரே பனி. பட்டிப்பொல பக்கம் புல்லெல்லாம் வெள்ளையா பூத்துப்போய் கெடக்குதாம், ரயில்ல வந்தவங்க சொன்னாங்க. ராகலை சித்தி ஒரு மூட்டை லீக்ஸ் குடுத்தா, அத பஸ்ஸுல ஏத்துனா கண்டக்டர் பய மூட்டைக்கும் ஒரு டிக்கட் கிழிக்கிறான். ஏன் தம்பி, டிக்கட் குடுத்தீங்களே அதுக்கு சீட்டு எங்க, நிக்க வச்சா கூட்டிட்டுப் போவீங்கன்னு கேட்டேன், பஸ்ஸே சிரிச்சிருச்சு, அவனும் சிரிச்சுக்கிட்டே காச வாங்கிக்கிட்டான், விடல. நம்ம கூரைத் தகரம் இன்னும் அதே எடத்துல ஒழுகுது. அதுக்கு நேர் கீழதான் யூஜினா மேசை, வேற எடம் ஏது நம்ம காம்பராவுல. நான் கொழுந்தெடுக்குறப்ப இடுப்புல கட்டுற தண்ணி எறங்காத படங்கு பழசு ஒண்ணு இருந்துச்சுல்ல, அத வெட்டி அவ லெப்டொப்புக்கு மேல பந்தல் மாதிரி கட்டிக் குடுத்திருக்கேன். நீ அங்க போய் ஆறாம் மாசம் வாங்கி அனுப்புன லெப்டொப், அத ஒரு சொட்டு நனைய விட்டதில்ல அவ. சரி, லெப்டொப்புன்னு எழுதுனதும் விஷயத்துக்கே வந்துட்டேன் பாரு.

நேத்து நீ பேசுனது அத்தனையும் அவ கேட்டுட்டா மகனே. நான் ரொட்டிக்கு மாவு பெசஞ்சுக்கிட்டு இருந்தேன், கையெல்லாம் மாவு, அதனால போன சத்தமா வச்சிருந்தேன், அவ பின்னாடி நின்னு பீங்கான் கழுவிக்கிட்டு இருந்தா. கிரிப்டோன்னு பேர் வச்ச எந்த வேலையும் நம்ம வீட்டுல வேணாம், கள்ளனுங்களுக்கு எழுதிக் குடுக்குறவளும் கள்ளிதான், ஒண்ணாந்தேதி ஹட்டன்ல என் கூட்டாளி ஜெயகாந்தன் கடையில கெஷியரா போய் ஒக்காரச் சொல்லுன்னு நீ சொன்ன பாரு, அந்த நேரம் பீங்கான் சத்தம் நின்னுருச்சு. அவ கைய தொடச்சுட்டு லெப்டொப்ப உறையில போட்டு அலுமாரி மேல தூக்கி வச்சுட்டா. இன்னைக்கு காலையில ஹட்டன் கடைக்குன்னு வெள்ளைச் சட்டைய இஸ்திரி போட்டுக்கிட்டு இருக்கா. ஏண்டின்னு கேட்டா, அண்ணன் வாங்கிக் குடுத்ததுலதானம்மா எழுதுனேன், அண்ணன் வேணாங்குறப்ப எப்புடி எழுதுறது, அண்ணன் நல்லதுக்குத்தான் சொல்லும்னு சொல்றா. அழுதிருந்தா கூட எனக்கு பரவால்ல.

ஒன் கோவம் எங்க இருந்து வருதுன்னு எனக்குத் தெரியாமலா. அந்த வருஷம் டவுன்ல மண்டபம் புடிச்சு, கோட்டு போட்டவனுங்க வந்து, இது கிரிப்டோ, போன்ல காசு போட்டா மாசத்துக்கு மாசம் குட்டி போடும்னு சொன்னானுங்க, நீயும் போட்ட, ஒன் பேச்ச நம்பி மாயாண்டி அண்ணனும் போட்டாரு, ரெண்டு பேர் காசும் போச்சு. இன்னைக்கும் நீ ஊருக்கு வந்தா, அவரு வீடு இருக்குற லயத்து வழியா போகாம நீ சுத்திக்கிட்டு போறத நான் பாத்திருக்கேன். அவரு அத மறந்துட்டாரு மகனே, நீதான் மறக்கல. அதே பேரச் சொல்லி இவ வேலை பாக்குறான்னதும், ஏண்டி, அண்ணன் விழுந்த குழிய இன்னும் ஆழமா வெட்டிக் குடுக்குறியான்னு நானும்தான் கேட்டேன். அவ கோவப்படல. ஒக்கார வச்சு எல்லாம் சொன்னா. வெளிநாட்டுல நாலு பேர் அஞ்சு பேரா சேந்து சின்னச் சின்ன கம்பெனி தொடங்குறாங்களாம், அவங்களுக்கு மெஷின் வேலை தெரியுமாம், ஆனா அது என்னன்னு சனத்துக்கு புரியிற மாதிரி சொல்லத் தெரியாதாம். அத இவ படிச்சு, வெளங்கி, அவங்க வெப்சைட்டுல போடுறதுக்கு கட்டுரையா எழுதிக் குடுக்குறா, புளொக்குன்னு சொல்றாங்க. பெரிய எடத்துல இதுக்கு கேக்குற காசுல கால்வாசிதான் இவ வாங்குறா. ஏன் அவ்வளவு கம்மின்னு கேட்டேன், அவங்களும் புதுசு நானும் புதுசும்மா, அவங்களால அதுதான் முடியும், வேலைய மட்டும் கால்வாசியா செய்ய மாட்டேன்னா. அது நெசம்தான், ஒரு கட்டுரைய நாலு தடவை அடிச்சு அடிச்சு எழுதுறா, புரியாத எடத்த எனக்கு தமிழ்ல சொல்லிப் பாப்பா, எனக்கு வெளங்கலன்னா மறுபடியும் எழுதுவா. அப்புடித்தான் அந்த கிரிப்டோவுக்கு அடியில இருக்குற புளொக்செயின் என்னன்னு எனக்கே தெரியும். ஒரே கணக்குக் கொப்பி, அத ஆயிரம் பேர் வீட்டுல ஒரே மாதிரி வச்சிருக்காங்க, ஒருத்தன் தன் கொப்பியில அழிச்சு எழுதுனா மத்த கொப்பியெல்லாம் சேந்து அவன காட்டிக் குடுத்துரும். இதுல என்ன கள்ளம் இருக்கு சொல்லு. இன்னொண்ணும் கேளு. ஒருத்தன் வந்து, எங்க கிரிப்டோ காச வாங்குனா மூணு மாசத்துல ரெண்டு மடங்காகும்னு எழுதிக் குடு, நீ கேக்குறதுக்கு மேல தர்றேன்னானாம். இவ முடியாதுன்னுட்டா. எங்க வீட்டுலயே ஒருத்தர் அத நம்பி கெட்டாங்க, நான் எழுத மாட்டேன்னு அவனுக்கு பதில் போட்டிருக்கா. அந்த ஒருத்தர் யாருன்னு ஒனக்குத் தெரியும்.

இப்ப நடந்த கதைய கேளு. எஸ்தோனியான்னு ஒரு ஊராம், எங்க இருக்கோ, நம்மள விட குளிராம். அங்க ஒரு கம்பெனி தேயிலைக்குன்னே இந்த கொப்பி வேலை செய்யுது. கொழுந்து பறிச்சு எடை போட்டதும் அந்த எடை கொப்பியில ஏறிரும், அதுல இருந்து தேத்தண்ணி குடிக்கிறவன் கோப்பை வரைக்கும் யாரும் ஒரு எழுத்து மாத்த முடியாது, அதனால கொழுந்தெடுக்குற பொம்பளைக்கு நியாயம் கெடைக்கும், இதப் பத்தி ஆறு கட்டுரை வேணும்னு கேட்டாங்க. இதுவரைக்கும் வந்ததுலயே பெரிய வேலை. இவ மொத கட்டுரைய தொடங்கிட்டு, ரெண்டு நாளா சன்னல் வழியா மலையவே பாத்துக்கிட்டு ஒக்காந்திருந்தா. நான் என்ன நெனச்சேன், புள்ளைக்கு வேலை இல்ல, சும்மா இருக்கா போலன்னு நெனச்சு, அவகிட்ட ஒரு வார்த்தை கேக்காம, காலையில வேலை பிரிக்கிற பெரட்டுல கணக்கப்பிள்ளை கணேசமூர்த்தி ஐயாகிட்ட ஞாயித்துக்கிழமை கிலோ கணக்குல காசு தர்ற கைக்காசு வேலைக்கு அவ பேரையும் குடுத்துட்டேன். எழுதுறவங்களுக்கு யோசிக்கிறதும் வேலைன்னு எனக்கு எப்புடி தெரியும், நம்ம வேலையில கை நின்னா சும்மாதானே. அவ தலையில அடிச்சுக்கிட்டா. ஆனா பேர் குடுத்தா போகணும்ல, அந்த ஞாயிறு பூசையும் இல்ல, கூடைய மாட்டிக்கிட்டு என்கூட வந்தா.

அவ எடுத்த கொழுந்த நீ பாக்கணுமே. எங்க நெரையில அம்மாக்கண்ணு அக்கா, அந்தப் பக்கம் ரெண்டு பேர், எல்லாரும் ஒரே கேலி. அக்கா சொல்லுது, ஏன்டி யூஜினா, கொழுந்த பறிக்கிறியா இல்ல ஒவ்வொண்ணுக்கும் பேர் வைக்கிறியாங்குது. அப்புடி ஒண்ணொண்ணா கிள்ளி மத்தியானத்துக்குள்ள ஒரு மாதிரி சேத்துட்டா. கொழுந்து நிறுக்குற மடுவத்துக்கு எடை போடப் போனோம். தராசுல செவப்பு நம்பர் ஒம்போது புள்ளி நாலுன்னு நல்லா தெரியுது, கணக்கப்பிள்ளை ஐயா ஏழுன்னு கூப்புட்டாரு, ஏழுன்னு எழுதுனாங்க. இவ நகரல. ஐயா, ஒம்போதுல இருந்துச்சேன்னா. சாக்குக்கும் தண்ணிக்கும் கழிக்கிறதும்மான்னாரு. ஐயா, மழை விட்டு நாலு நாளாச்சு, நாங்க எடுத்ததும் வெய்யில் ஏறுன பொறகு, தண்ணி எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டா பாரு.  அம்மாக்கண்ணு அக்காதான், அவ நெத்தி வேர்வையா இருக்கும், அதையும் கழிச்சிட்டாங்க, நீ வாடின்னுச்சு, எல்லாரும் சிரிச்சோம். ஐயாவும் சிரிச்சாரு, சிரிச்சுட்டு, ஒங்க அம்மா முப்பத்தோரு வருஷமா கேக்காதத நீ ஒரு நாள்ல கேக்குறியேன்னாரு. அவரு கெட்ட மனுஷன் இல்ல, மேல இருந்து சொல்றத செய்யிறாரு. ஆனா அந்த பேச்சு எனக்கு நெஞ்சுல தச்சிருச்சு. நெசம்தானே. நான் கேட்டதே இல்ல.

வீட்டுக்கு வந்தா, கை கூட கழுவல, படங்குக்கு கீழ போய் ஒக்காந்தா. அவ எழுதுனத எனக்கு தமிழ்ல சொன்னா, அப்புடியே எழுதுறேன் கேளு. ஒங்க கொப்பிய யாரும் மாத்த முடியாதுன்னு சொல்றீங்க, சரி. ஆனா கொப்பியில ஏறுறதுக்கு முந்தியே ரெண்டு கிலோ போயிருச்சுன்னா, அந்த ரெண்டு கிலோ போனதையும் யாரும் மாத்த முடியாதபடி நீங்க பூட்டி வைக்கிறீங்க. பறிச்ச பொம்பளை தராசப் பாத்து, ஆமா இதுதான் என் எடைன்னு தன் கைய வச்ச பொறகுதான் அது ஏறணும், கழிக்கிறது எதுக்குன்னு தனியா எழுதி ஏத்தணும், அது வரைக்கும் ஒங்க மெஷின் நியாயம்னு நான் எழுத முடியாதுன்னு எழுதிட்டா. தோட்டத்துப் பேரோ ஐயா பேரோ ஒண்ணும் போடல. எனக்கு பயம். ஏண்டி, வேலை குடுத்தவங்களையே கொறை சொல்ற, ஆறு கட்டுரையும் போயிருமேன்னேன். போனா போகட்டும்மா, படிக்கிறவங்க நம்பித்தானே படிக்கிறாங்கன்னா. அனுப்பிட்டு ஒம்போது நாள் பதிலே இல்ல. அந்த ஒம்போது நாளும் அவ சரியா சாப்புடல, ஆனா ஒரு தடவை கூட எழுதிருக்க வேணாமோன்னு சொல்லல. நான் தொழிற்சங்கத்துக்கு சந்தா கட்டி, கூட்டத்துக்குப் போய், கொடி புடிச்சிருக்கேன், எனக்கு அந்த தைரியம் இருந்துச்சான்னு கேட்டா எனக்கே தெரியாது.

போன புதன்கெழமை பதில் வந்துச்சு. அந்த கம்பெனிக்காரங்க மூணு வருஷமா கொப்பியப் பத்தியே யோசிச்சாங்களாம், மொத எடைய எழுதுற கைய யாரும் யோசிக்கலையாம். இவ எழுதுனத ஒரு வரி வெட்டாம போடப்போறோம்னு சொல்லியிருக்காங்க. இந்த வேலையில எழுதுறவங்க பேர் வராது, கம்பெனி பேர்லதான் வரும், அது வழக்கமாம், ஆனா இதுக்கு மட்டும் யூஜினா இக்னேசியஸ்னு இவ பேர போடுறாங்களாம். ஒங்க அப்பா பேர் எஸ்தோனியாவுல வரப்போகுது, மனுஷன் இருந்திருந்தா லயம் முழுக்க சொல்லிட்டு வந்திருப்பாரு. அதோட, ஆறு கட்டுரை இல்ல, ஒரு வருஷம் எங்களுக்கு எழுதுங்க, எடை போடுற எடத்துல என்ன மாத்தணும்னும் சொல்லுங்கன்னு கேட்டிருக்காங்க. வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணுமாம். இத நேத்து ஒனக்கு சொல்லத்தான் அவ பீங்கான் கழுவிக்கிட்டே காத்துக்கிட்டு நின்னா, தன் முறை வரட்டும்னு. நீ அதுக்குள்ள பேசிட்டு வச்சுட்ட. இப்ப அவங்களுக்கு முடியாதுன்னு எழுதப்போறேங்குறா.

நான் அவள கட்டாயப்படுத்தலாம், பெத்தவ சொன்னா கேப்பா. ஆனா ஒன்ன மீறுனோம்ங்கிற நெனப்போட அவ எழுதுனா அந்த எழுத்து நல்லா வராது. ஒன்னையும் நான் ஏச எழுதல. வீட்டுல இன்னொருத்தர் விழக்கூடாதுன்னு நெனக்கிற மனசு நல்ல மனசுதான். அதனால ஒண்ணே ஒண்ணு செய். வியாழக்கிழமைக்குள்ள போன் எடு, எனக்கு இல்ல, அவளுக்கு. மன்னிப்பு கின்னிப்பெல்லாம் கேக்க வேணாம், நீ அண்ணன், அது அவளுக்கும் கூச்சம். தேயிலைக்கு என்னமோ எழுதுனியாமே, அண்ணனுக்கு வாசிச்சுக் காட்டுன்னு மட்டும் சொல்லு. முழுசா வாசிக்க விடு, நடுவுல பேசாத. அதுக்குப் பொறகும் ஹட்டன் கடைதான் நல்லதுன்னு ஒனக்குத் தோணுனா சொல்லு, அந்த வெள்ளைச் சட்டைய நானே மடிச்சு பையில வச்சு அவள பஸ் ஏத்தி விடுறேன்.

ஓட்டல் சோறுன்னு வெறும் எறைச்சியா திங்காத, கீரை கெடைச்சா வாங்கு, செருப்பில்லாம குசினியில நடக்காத, வழுக்கும். மாதா ஒன்ன தன் முக்காட்டுக்குள்ள வச்சு காப்பாத்தட்டும், கண்ணுக்கும் கைக்கும் ஒரு கொறையும் வராம நீ நல்லபடியா ஊர் வந்து சேரணும். வியாழக்கிழமைய மறந்துராத, இங்க சாயங்காலம் நாலு மணிக்கு மேல அவ வீட்டுலதான் இருப்பா.

இப்படிக்கு,
ஒன்ன நெனச்சுக்கிட்டே இருக்குற அம்மா,
இ. மரியநாயகி