நினைவுக் கல்லுக்கு வேலி

பிப். 2, ஞாயிறு
காலையில் பனி. ரேஷன், கேஸ் புக்கிங், அப்பாவுக்கு மாத்திரை. மூன்றில் ஒன்றுதான் முடிந்தது.

மாத்திரைக்காக அப்பாவோடு ராபர்ட்சன்பேட்டைக்கு நடை. இருபது வருடம் தங்கச் சுரங்கத்துக்குள் இருந்தவர், நெஞ்சு முழுக்கக் கல் தூசி. தினசரி நடையில் மேட்டில் பாதி ஏறியதும் போர் நினைவுக் கல்லின் படியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவார். பழைய ஷிஃப்ட் ஆட்கள் எல்லாருக்கும் அதுதான் இடம். இங்கிருந்து வெள்ளைக்காரன் சண்டைக்குப் போய்ச் செத்தவர்களுக்கான கல்.

இன்று சுற்றிலும் இரும்பு வேலி. பூட்டு. பாதுகாக்கப்பட்ட சின்னம், உட்கார்ந்தால் தண்டனை என்று பலகை. உள்ளே காவலுக்கு எங்கள் லைன் வீட்டு முனிரத்தினம் அண்ணன்.

"உள்ள உடக்கூடாது மாமா. கேமரா கீது."

"நான் இன்னா, கல்லையா தூக்கினு போவப் போறேன்?"

"தங்கத்தையே தூக்கினு போனானுங்க, அவனுங்கள ஒருத்தனும் கேக்கல. உங்களக் கேக்கறதுக்கு எனக்குச் சம்பளம்."

அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலானது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பக்கத்தில் நான். வேலி கேட்டு மனு எழுதியவள் நான். போன வருடம் லைன் லைனாக அலைந்து கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து அப்பாவுடையது.

பிப். 4, செவ்வாய்
பெங்களூர் ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. சுரங்கம் மூடியதிலிருந்து ஊருக்குள் வேலை இல்லை, தூங்க மட்டும் ஊர். நூறு வருடத்துக்கு முன் செத்தவனுக்கு வேலி, பலகை, கேமரா. உயிரோடு மூச்சுத் திணறுகிறவனுக்கு ஒரு பெஞ்ச் கிடையாது. கோபம். யார் மேல் என்றுதான் எழுத வரவில்லை.

அப்பா நேற்றும் இன்றும் நடக்கப் போகவில்லையாம். கால் வலி என்கிறார். கால் வலி என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

பிப். 6, வியாழன்
அரை நாள் லீவு. மனு கொடுத்த அரசு அலுவலகத்துக்குப் போனேன். காலையில் மட்டுமாவது கேட்டைத் திறந்து வையுங்கள் என்றேன். கிளார்க் அம்மா ஃபைலைத் திருப்பி என் மனுவையே என் பக்கம் நகர்த்தினார்.

"நீங்க எழுதிக் குடுத்ததுதானே மேடம். மூணாவது பாரா பாருங்க."

'வேலையற்ற முதியவர்கள் நாள் முழுதும் படிகளில் அமர்ந்து, எச்சில் துப்பி, இடத்தின் கண்ணியத்தைக் கெடுக்கின்றனர்.'

என் வாக்கியம். நல்ல கன்னடத்தில். அந்த முதியவர்கள் யாரென்று அப்போது தோன்றவில்லை. பொய். தெரியும். மனு எடுபட வேண்டும் என்று தெரிந்தே எழுதினேன். அப்பாவுக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. கல்லைக் காப்பாத்தணும்ப்பா என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பிப். 9, ஞாயிறு
வெயில். அந்த மூன்றாவது பாராவை இன்று சொல்லிவிடுவது என்று அப்பாவைக் கூட்டிப் போனேன். ஏறும்போது இரண்டு தடவை நின்றார். வேலிக்கு வெளியே மண்ணில் துண்டை விரித்து உட்கார்ந்தார்.

"அப்பா, அந்த மனுவுல..."

பொறு என்று கையைக் காட்டினார். மூச்சு திரும்பியதும் பேசியது என்னிடம் இல்லை.

"முனிரத்னம், இந்த வேலி கீதே, என் பொண்ணு எழுதித்தான் வந்துது, தெரியுமா? அத்தனையும் கன்னடம். ஒரு தப்பு கெடையாது."

"தெரியும் மாமா. தண்ணி குடிங்க."

அண்ணன் கம்பி வழியாகப் பாட்டிலை நீட்டினார். நான்தான் கையில் வாங்கி அப்பாவிடம் கொடுத்தேன்.

சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தும் சொல்லவில்லை.