வெடித்ததும் அப்பா அமுக்கும் பொத்தான்

கோபாலபுரம்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சௌக்கியம், கடை சௌக்கியம், மாடியில் நீ வைத்துவிட்டுப் போன மல்லிச் செடி கூட சௌக்கியம். உன் சௌக்கியத்தைத்தான் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்கிறேன். போனில் கேட்டால் சரிம்மா சரிம்மா என்று சொல்லி வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரில் எழுதுகிறேன், அப்பா போட்டோ பிடித்து அனுப்புவார். பேப்பரைப் பாதியில் கட் பண்ண முடியாது பார்.

முதலில் உன் அப்பாவின் கூத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் ராக்கெட் விடுகிற விளையாட்டு ஒன்று இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டார். மகள் ஜெர்மனியில் என்ன வேலை செய்கிறாள் என்று புரிந்துகொள்ளத்தானாம், எனக்கென்னவோ கடையில் துணி மடிப்பதிலிருந்து தப்பிக்கத்தான் என்று படுகிறது. அதில் எது முதலில் வேலை செய்ய வேண்டும், எது பிறகு என்று திரையின் ஓரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்க வேண்டுமாம். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும், உடனே கேட்கிற பிளவுஸ் பிட் மேலே, தீபாவளிக்குத்தான் போகும் என்கிற சரக்கு அடியில். அப்பா அதே கணக்கில் எஞ்சினை மேலே வைத்து, கடைசியில் தேவைப்படும் பாராசூட்டை அடியில் வைத்திருக்கிறார். அந்த விளையாட்டோ அடியிலிருந்து ஆரம்பிக்கிறது. ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்து, வடிவு, இங்க வா, இப்ப போயிரும் பாரு என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து அமுக்கினால், ராக்கெட் நின்ற இடத்திலேயே குடையை விரித்துக்கொண்டது! பாண்டி பஜாரில் வெயிலுக்குப் பயந்து நிற்கிற மாமி மாதிரி. அதற்கப்புறம் எஞ்சின் பற்றிக்கொண்டு, குடையோடு நாலடி கிளம்பி, பக்கத்துக் கோபுரத்தில் மோதி வெடித்தது. உள்ளே ஆரஞ்சு சட்டை போட்ட பொம்மை ஆட்கள் வேறு. எனக்குச் சிரித்துச் சிரித்து விலா வலி, அவர் கோபத்தில் லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆனால் அந்த விளையாட்டில் ஒரு சௌகரியம், வெடித்த உடனே ஒரு பொத்தான் வருகிறது. அமுக்கினால் ராக்கெட், ஆட்கள், கோபுரம் எல்லாம் கிளம்புவதற்கு முன்னால் இருந்தபடியே வந்துவிடுகின்றன, கரி கூட மிச்சமில்லை. ஏன் வெடித்தது என்று அப்பா ஒரு நிமிஷம் நின்று பார்ப்பதே இல்லை, டக்கென்று அமுக்கிவிடுகிறார். அதனால் அடுத்த நாளும் அதே குடை, அதே கோபுரம். பிறகு ஆத்திரத்தில் நாலைந்து இடத்தில் ஒன்றாக மாற்றிப் போட்டதில் ஒரு நாள் நிஜமாகவே பறந்துவிட்டது. எதை மாற்றியதால் பறந்தது என்று கேட்டேன், திருதிருவென்று விழிக்கிறார். ஆனாலும் அன்றைக்கு மயிலாப்பூர் போய் கற்பகாம்பாளுக்கு அர்ச்சனை செய்துவிட்டு, மாட வீதியில் உனக்கென்று மணத்தக்காளி வத்தலும் வாங்கிவந்தார், பார்சல் அனுப்ப வேண்டும்.

கடையில் புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிற அன்வரி பேகம் எப்போதும் உன்னைக் கேட்டபடி இருக்கிறாள். அங்கே உங்கள் ராக்கெட் சோதனையில் வெடித்த வீடியோவை அப்பா பெருமையா வருத்தமா என்று தெரியாத முகத்தோடு எல்லாருக்கும் காட்டினாரா, அவள் பார்த்துவிட்டு, இன்னாக்கா இப்டி வெடிச்சிக்கினு கீது, பொண்ணு எங்க நின்னுக்கினு இருந்துச்சி என்று பதறிவிட்டாள். யாரும் பக்கத்தில் இல்லை, எல்லாரையும் வெகுதூரம் அனுப்பிவிட்டுத்தான் பற்றவைப்பார்கள் என்று அப்பா சொன்ன பிறகுதான் அவள் ஊசியையே கையில் எடுத்தாள். எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அப்பா நேற்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்றாயாம், அவர் வாயில் எது நின்றிருக்கிறது? முந்தைய சோதனையிலேயே அழுத்தம் காட்டுகிற அளவு கொஞ்சம் நடுங்கியதாம், நீ பார்த்தாயாம், கருவிக் கோளாறு என்று நினைத்து விட்டுவிட்டாயாம். அது உன்னைத் தவிர யாருக்கும் தெரியாதாம். புதன்கிழமை எல்லாரும் உட்கார்ந்து ஏன் வெடித்தது என்று பேசப் போகிறார்கள், அதற்கு முன்னால் ராஜினாமாவை அனுப்பிவிட்டு ஊருக்கு வந்துவிடலாம் என்று இருக்கிறாயாம்.

கேட்டதும் எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான் கண்ணே, பொய் சொல்லமாட்டேன். உன் அறை மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்று உடனே தோன்றியது. ராத்திரி நீ இந்த வீட்டில் தூங்குகிறாய் என்ற நினைப்பே எனக்குப் போதும். ஆனால் காலையில் கடை திறக்கும்போது யோசித்தேன். வெடிக்கலாம் என்று நினைத்துத்தானே ஆட்களை அப்புறப்படுத்தினீர்கள்? வெடிக்கவே கூடாது என்றால் சோதனை எதற்கு? வெடித்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை, என்னைக் கேட்டால் அது இரும்பும் நெருப்பும் செய்த வேலை. நீ பார்த்ததைச் சொல்லாமல் வந்தால்தான் அது உன் வேலை. அப்பாவின் பொத்தான் மாதிரிதான் உன் ராஜினாமாவும். அமுக்கினால் உனக்கு எல்லாம் பழையபடி ஆகிவிடும், அம்மா கை சாப்பாடு, மாடி, மல்லி. அங்கே இருப்பவர்கள் காரணம் தெரியாமல் இன்னொன்றைக் கட்டி நிறுத்துவார்கள். ஒரு நாள் அதன் மேல் நிஜ ஆட்கள் உட்காருவார்கள், அவர்களைத் திரும்பக் கொண்டுவர எந்தப் பொத்தானும் வராது.

அதனால் புதன்கிழமை போ. தலை வாரிக்கொண்டு, வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொண்டு போ, வெறும் காப்பியோடு போகாதே, உனக்குக் கை நடுங்கும். பார்த்ததைப் பார்த்தபடி சொல். திட்டினால் வாங்கிக்கொள், வேலையை விட்டு அனுப்பினால் அடுத்த விமானத்தில் ஏறு, நானே வந்து நிற்பேன். வைத்துக்கொண்டால் இரு, நான் பழையபடி புலம்பிக்கொண்டு இருப்பேன், அது எனக்குப் பழக்கம்தான். இரண்டில் எது நடந்தாலும் நீ என் மகள், அதில் மாற்றமில்லை.

கபாலியும் கற்பகாம்பாளும் உன் கூடவே இருக்கட்டும், மனசு தெளிந்து நீடூழி வாழ்க. குளிருக்குக் காதை மூடிக்கொள்ள மறக்காதே. கூட்டம் முடிந்ததும் போன் பண்ணு, இங்கே என்ன நேரமானாலும் பரவாயில்லை, எடுப்பேன். அவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்கமாட்டேன். நீ சொன்னாயா என்று மட்டும்தான் கேட்பேன்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா
சண்முகவடிவு தனபாலன்