தானாக அலறும் ஹாரன்

ஐப்பசி 3, வெள்ளி

காலையிலிருந்து தூறல். ஷெட் கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகல். ஓலை மாற்ற ஆள் சொல்ல வேண்டும். பாட்டரி முனை கழுவ சோடா உப்பு தீர்ந்துவிட்டது.

மிராசுதார் கார் மறுபடி வந்தது. மூன்றாம் தடவை. அதே சீக்கு, யாரும் அழுத்தாமலே ஹாரன் அலறுகிறது. டிரைவர் சவரிமுத்து முகம் தொங்கிப்போய் இறங்கினான். வீட்டு அம்மாளைச் சிறுவாச்சூர் கோயிலுக்குக் கூட்டிப்போய், வீட்டில் இறக்கிவிட்டு நேரே வந்திருக்கிறான்.

"சந்தைக்குள்ள வரப்ப புடிச்சிச்சு மேஸ்திரி. ஊரே திரும்பிப் பாக்குது. மாடு மிரண்டு ஓடுது. மானம் போவுதுங்க."

வழக்கம்போல் கை கழுவி, செருப்பைக் கழற்றிவிட்டு, வண்டி முன்னால் தொங்கிய அம்மன் எலுமிச்சம்பழத்தை அவிழ்த்து ஆணியில் மாட்டினேன். எண்ணெய்க் கையோடு அதைத் தொடுவதில்லை. பிறகுதான் பானெட்டைத் திறந்தேன்.

ஹாரனில் இரண்டு திருகு. ஒன்றில் கரண்ட் எப்போதும் நிற்கும். மற்றதிலிருந்து பொத்தானுக்கு ஒரு ஒயர். அழுத்தினால் அது வண்டி இரும்பைத் தொடும், ஹாரன் அடிக்கும். ஆக அந்த ஒயர் எங்கோ இரும்பில் படுகிறது. எங்கே?

பார்த்தவை:
பொத்தான், சுத்தம்.
ஸ்டியரிங் குழாய்க்குள் ஒயர், போன தடவையே புதுசு.
ஹாரன் திருகு, இறுக்கம்.
தண்ணீர் ஊற்றியும் பார்த்தாயிற்று.

துறைமங்கலம் வரை இரண்டு நடை ஓட்டினேன். பள்ளம் மேடு ஒன்று விடவில்லை. ஒரு முனகல்கூட இல்லை! என் ஷெட்டுக்குள் வந்தால் மட்டும் ஊமையாகிவிடுகிறது சனியன். பழத்தைப் பழையபடி மாட்டி அனுப்பினேன். "சரியாயிடுச்சு" என்றேன். என்ன சரியாயிற்று என்று எனக்கே தெரியாது.

ஐப்பசி 5, ஞாயிறு

நேற்று மிராசுதார் அரியலூருக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருக்கிறார். பிணம் இன்னும் எடுக்கவில்லை. பெண்கள் மாரடித்து அழும்போது வாசலில் நின்ற வண்டி அலற ஆரம்பித்திருக்கிறது. நிற்கவே இல்லையாம். கடைசியில் சவரி பாட்டரி ஒயரைப் பிடுங்கினானாம்.

இன்று காலை ஆள் விட்டுக் கூப்பிட்டார். போனேன். பத்துப் பேர் நடுவில் நிற்கவைத்துக் கேட்டார்.

"மூணு தடவ பாத்தியே, என்னதான்யா கோளாறு? ஒனக்குத் தொழில் தெரியுமா தெரியாதா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது வேறு.

"வண்டியில ஒண்ணுமில்லீங்க. என் ஷெட்டுல ஒருநாளும் அடிக்கல. ஓட்டுறவங்க கைதான் எங்கியாச்சும் பட்டுடுதோ என்னவோ."

'பட்டுடுதோ என்னவோ' என்றுதான் சொன்னேன். அது போதுமாயிருந்தது. கற்பூரம் கொண்டுவரச் சொல்லி, "அணைச்சு சத்தியம் பண்ணுடா" என்றார். சவரி, "நான் வேதக்காரனுங்க எசமான், மாதா மேல ஆணையா பண்றேன்" என்றான். "பாத்தீங்களா, நழுவுறான்" என்றார் ஒருவர். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். அவன் என்னைப் பார்த்தான். நான் துணியால் கை துடைத்துக்கொண்டிருந்தேன். கையில் எண்ணெயே இல்லை.

ஐப்பசி 6, திங்கள்

மழை. சவரியை நிறுத்திவிட்டார்கள். ஏழு வருஷம் ஓட்டியவன். பெண்டாட்டியோடு பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு அரியலூர் பஸ் ஏறினான், ஊர் ஏலாக்குறிச்சிக்கு. ஷெட் வாசலைத் தாண்டித்தான் போனார்கள். நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தேன். அவர்கள் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

வீட்டுக்காரி தனம் கேட்டாள்: "அந்த மனுசனா ஆரன் அடிச்சிருப்பாரு? துக்க வூட்டுலயா?"

"வாய மூடுடி" என்றேன். அவளிடம்தான் என் வீரமெல்லாம்.

ஐப்பசி 9, வியாழன்

வெயில் எட்டிப்பார்த்தது. பங்காளி வீட்டில் ஆண் குழந்தை. தனம் எச்சரிக்கை: "தீட்டு. கோயில் சாமான் எதையும் தொட்டுத் தொலைச்சிடாதீங்க." துவையலில் உப்பு இல்லை. சொல்லவில்லை.

ஐப்பசி 10, வெள்ளி

எழுதவே கை கூசுகிறது.

சாயங்காலம் மிராசுதார் கார். ஓட்டிவந்தது அவர் மச்சான் மகன். கோயிலிலிருந்து வரும் வழியெல்லாம் அலறியதாம். அம்மாள் புதுப் பழம் மாட்டியிருந்தார்கள், மஞ்சள் குங்குமத்தோடு. பெரிய பழம். தீட்டாயிற்றே, நான் தொடவில்லை. பழம் தொங்கியபடியே பானெட்டைத் தூக்கினேன். தூக்கிய ஆட்டத்தில் முகத்துக்கு நேரே அலறியது!

பழம் ஆடியது. அது தொங்கும் கம்பி இறங்கி, பொத்தான் ஒயர் இருக்கும் ஹாரன் திருகைத் தொட்டது. மறுமுனை பம்பர் இரும்பில். அவ்வளவுதான். ஆடும்போதெல்லாம் தொடுகிறது, விடுகிறது, தொடுகிறது. துக்க வீட்டு வாசலில் தொட்டபடியே நின்றிருக்கிறது. பழம் காய்ந்து எடை குறைந்தால் கம்பி மேலே ஏறிவிடும், சத்தம் வராது.

அது செம்புக் கம்பி. நூல் மழையில் இற்றுப்போகிறது என்று அம்மாள் சொன்னதால், ஆவணியில் நான்தான் கொக்கி போட்டு வளைத்துக் கொடுத்தேன். "எவ்வளவு நேர்த்தியா இருக்கு" என்றார்கள். இளித்தேன்.

மூன்று தடவையும் பக்தியாய் முதலில் கோளாறைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, அப்புறம் கோளாறைத் தேடியிருக்கிறேன். சீ! என்ன பிழைப்பு இது.

மச்சான் மகன், "என்னாச்சு மேஸ்திரி?" என்றான். "ஒயர் லூசு" என்றேன். மறுபடி பொய். அவனையே பழத்தை அவிழ்க்கச் சொல்லி நூலில் கட்டவைத்தேன். கம்பியை மடியில் செருகிக்கொண்டேன், திருடன்.

ஐப்பசி 11, சனி

வேலை ஓடவில்லை. வாத்தியார் சைக்கிள் டைனமோவைப் பிரித்தேன், மாட்ட மறந்தேன். தனத்திடம் சொல்லிவிட்டேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஐப்பசி 13, திங்கள்

மிராசுதார் வீட்டுக்குப் போனேன். வழியில் இரண்டு தடவை திரும்பினேன். கம்பியை அவர் முன்னால் வைத்து எல்லாம் சொன்னேன். "பொய் சொன்னது நான்தானுங்க, சவரிமுத்து இல்ல."

கம்பியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், "அவன வரச் சொல்லு" என்றார். "நீ இனிமே என் வண்டியத் தொடாத."

அப்பாடா என்றிருந்தது. அதற்கும் வெட்கம்தான்.

ஐப்பசி 14, செவ்வாய்

முதல் பஸ். அரியலூரில் வேறு பஸ், மீதி நடை. வரப்பெல்லாம் சேறு. நல்ல சேதி கொண்டுபோகிறோம் என்று பாதி தூரம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

சவரி யாரோ ஒருவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்துகொண்டிருந்தான். ஏழு வருஷம் ஸ்டியரிங் பிடித்த கை. கரையேறி வந்து, "வாங்க மேஸ்திரி, வூட்டுக்குப் போவலாம்" என்றான். குடிசையில் உட்கார்ந்து சொன்னேன். பழம், கம்பி, எல்லாம். அவன் ஆச்சரியப்படவில்லை.

"எனக்கு மொதல்லயே சந்தேகந்தான். புதுப் பழம் கட்டுனாத்தான் வருது. ஆனா நான் வேதக்காரன். உங்க அம்மன் பழத்தாலதான்னு என் வாயால சொன்னா சும்மா விடுவாங்களா? நீங்க ஒரு தடவ அவுக்காம பாத்துட்டா தெரிஞ்சிடும்னு இருந்தேன். உங்களுக்குத் தொழில் தெரியும்ல."

எசமான் கூப்பிடுகிறார் என்றேன். நாளைக்கு வருவதாகச் சொன்னான், கோபமே இல்லாமல்.

அவன் பெண்டாட்டி மரியாயி அதுவரை அடுப்பருகில் நின்றிருந்தாள். நீராகாரச் செம்பை என் முன்னால் வைத்தாள்.

"இவரு மேல ஏங்க சொன்னீங்க? எதாச்சும் விரோதமா?"

"விரோதம் ஒண்ணுமில்லம்மா. பத்துப் பேர் முன்னாடி எனக்குத் தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்திச்சு."

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"அவ்வளவுதானா?" என்றாள்.